ஸ்டீவ் தாம்சனுக்கு அந்த ஆட்டம் ஞாபகமில்லை

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 17-17. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. இங்கிலாந்துக்கு ஒரு லைன்-அவுட் கிடைக்கிறது, அதாவது வெளியே போன பந்தை வரிசையாக நிற்கும் இரு அணிக்கும் நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது. பக்கவாட்டுக் கோட்டில் நின்று பந்தை உள்ளே எறிய வேண்டியவர் ஸ்டீவ் தாம்சன். அதற்குள் கிட்டத்தட்ட 100 நிமிடம் ஆடிக் களைத்த கை. பக்கத்தில் நிற்பவருக்கு எறிந்தால் ஆபத்து குறைவு, ஆனால் பந்து வேண்டிய இடத்துக்குப் போகாது. வரிசையின் கடைக்கோடியில் குதித்த லூயிஸ் மூடிக்கு எறிந்தார். மூடி பிடித்தார். கொஞ்ச நேரத்தில் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, மூன்று புள்ளி, 20-17.

இடது கால் ஆட்டக்காரரான வில்கின்சன் வலது காலால் உதைத்ததை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அந்த எறிதலைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எறிந்தவருக்கே அது ஞாபகமில்லை.

2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு இளவயது மறதிநோய் இருப்பதைத் தாம்சன் வெளியே சொன்னார். உலகக் கோப்பை ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். திரையில் தான் இருப்பது தெரிகிறது, அங்கே இருந்த நினைவு மட்டும் இல்லை. மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் ஆடுவீர்களா என்றால், மாட்டேன் என்கிறார். உலகக் கோப்பை வென்ற மனிதர் சொல்லும் பதில் இது.

நார்த்தாம்ப்டன் கிளப்பில் பின்வரிசை ஆட்டக்காரராக இருந்தவரை ஹூக்கராக மாற்றினார்கள். ஸ்கிரம்மில், அதாவது இரண்டு அணியும் கும்பலாகக் குனிந்து ஒன்றையொன்று தள்ளும் மோதலில், முன்வரிசையின் நடுவில், இரண்டு பக்கமும் தோளைப் பூட்டிக்கொண்டு, எதிரணியோடு தலையும் தோளுமாக மோதி நிற்கும் இடம். இங்கிலாந்துக்காக 73 ஆட்டங்கள். 2007இல் கழுத்துக் காயத்தால் ஓய்வு, திரும்பி வந்தார், 2011இல் மறுபடியும் கழுத்து, அத்தோடு சரி.

“தெரிந்துதானே இறங்கினார், முரட்டு ஆட்டம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கேள்வி சுத்தமாகப் பிடிக்காது. முட்டி போகும், தோள் போகும், கழுத்து போகும் என்று தெரியும். ஞாபகம் போகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்று, டிவியில் நாம் பார்ப்பது வாரத்துக்கு ஒரு ஆட்டம். மீதி நாட்களில் பயிற்சி. 1995இல் ரக்பி சம்பள ஆட்டமானதும் வீரர்கள் முழுநேர ஊழியர்கள் ஆனார்கள். ஸ்கிரம் இயந்திரத்தில் திரும்பத் திரும்பப் போய் முட்டுவதும் வேலையில் சேர்த்தி. மயங்கி விழுந்தால்தான் எல்லோருக்கும் தெரியும். விழாமல் தலையில் வாங்கும் சின்னச் சின்ன இடிகளுக்கு எவரிடமும் கணக்கில்லை. முதலாளி சொன்ன வேலையைச் செய்து உடம்பு கெட்டால், ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நியாயம், ஆட்டக்காரனுக்கு வேறு நியாயமா?

2022இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச வீரர்கள் 412 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். மறதிநோய் வரும் ஆபத்து இரண்டு மடங்குக்குச் சற்று மேல். நரம்புகள் கெட்டுத் தசைகள் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய்க்குச் சுமார் 15 மடங்கு. சிறிய குழு, அதனால் அந்த 15ஐ அப்படியே பிடித்துக்கொண்டு கத்தக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். முழுநேரமும் இடி வாங்கிய தலைமுறை இப்போதுதான் ஐம்பதை நெருங்குகிறது.

2025 அக்டோபரில் லூயிஸ் மூடியும் தனக்கு மோட்டார் நியூரான் நோய் என்று அறிவித்தார். அவருக்கு ரக்பியால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. அந்த லைன்-அவுட்டில் எறிந்தவர், பிடித்தவர் இருவருமே நோயில் விழுந்தார்கள் என்று படித்தபோது வயிற்றைப் பிசைந்தது, அவ்வளவுதான்.

தலைக் காயங்களிலிருந்து வீரர்களைக் காக்கத் தவறியதாக உலக ரக்பி அமைப்பு, இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்கள் மீது தாம்சனும் வேல்ஸின் அலிக்ஸ் பாப்ஹாமும் தொடங்கிய வழக்கில் இப்போது நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் இதே பிரச்சினை நீதிமன்றம் போய், 2013இல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். ஊரே பார்த்த விஷயம், ரக்பிக்காரர்கள் கண்ணில் மட்டும் படவில்லையா?

2021இல் உலக ரக்பி அமைப்பு ஒரு வரம்பு சொன்னது: முழு வேக மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடம் போதும். நல்ல விஷயம். ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை. அதைக் கட்டாய விதியாக்கி, மீறும் கிளப்பிடம் புள்ளிகளைப் பிடுங்க வேண்டும் என்பேன். பல்லுறையில் சென்சார் வைத்து தலையில் விழும் மோதலின் பலத்தை அளக்கும் வசதி இப்போது உயர்மட்ட ஆட்டங்களில் வந்துவிட்டது. அந்தக் கணக்கை வாரக் கடைசியில் பயிற்சியாளருக்கு முன்பாக அந்த வீரரின் கையில் கொடுங்கள்.