பேரைக் கெடுத்துக்கொண்டாராம்

நேற்று ராத்திரி ஃபார்முலா 1 கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரைப் பற்றிய ஒரு பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், உங்கள் தூக்கமாவது மிஞ்சட்டும். "ஷூமாக்கர் 2006லேயே நின்றிருக்கணும், 2010ல் திரும்பி வந்து பேரைக் கெடுத்துக்கொண்டார்." அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். மறுத்து எழுதியதற்கு எனக்கு 'வெறியன்' என்று பட்டம் வேறு. சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

எந்தப் பேரைக் கெடுத்துக்கொண்டார்? ஏழு உலகப் பட்டத்தில் ஒன்றையாவது திருப்பி வாங்கிக்கொண்டார்களா? 91 வெற்றி 90 ஆகிவிட்டதா?

திரும்பி வந்து மெர்சிடஸ் அணியில் மூன்று வருடம், ஒரு வெற்றிகூட இல்லை. மூன்று வருடமும் அதே அணியின் இன்னொரு ஓட்டுநர் ராஸ்பெர்க்தான் மேலே, 2010ல் அவருடைய 142 புள்ளிக்கு இவருடையது 72. நானே சொல்லிவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வந்து கஷ்டப்பட வேண்டாம். ஆனால் அவர் விட்டுப் போன பந்தயமும் திரும்பி வந்த பந்தயமும் ஒன்றா? 2006ல் பிரிட்ஜ்ஸ்டோன், மிஷலின் என்று இரண்டு டயர் கம்பெனிகளுக்குள் போட்டி, அவருடைய அன்றைய அணியான ஃபெராரிக்குச் சொந்தத் தடத்திலேயே ஓட்டி ஓட்டிச் சோதித்துப் பார்க்கிற வசதி. 2010ல் எல்லோருக்கும் ஒரே டயர், சீசன் நடுவில் சோதனை ஓட்டத்துக்குத் தடை, பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்புவதும் கிடையாது. வயது 41. அதற்கு முந்தின வருடம்தான், பைக்கிலிருந்து விழுந்து கழுத்தில் பட்ட அடியால் காயம்பட்ட ஃபெராரி ஓட்டுநர் மாஸாவுக்குப் பதிலாக ஓட்டுகிற வாய்ப்பு கைநழுவிப் போயிருந்தது. பணத்துக்குக் குறையா, பேருக்குக் குறையா? ஓட்டப் பிடித்தது, வந்தார். அவ்வளவுதான். இதில் நமக்கு என்ன நஷ்டம்?

"பழைய சாம்பியன் லாடா திரும்பி வந்து ஜெயித்தாரே, இன்னொரு சாம்பியன் ப்ராஸ்ட் ஜெயித்தாரே" என்பீர்கள். ஜெயித்தார்கள். லாடா 1979ல் போய், 1982ல் வந்து, 1984ல் அரைப் புள்ளியில் பட்டம் வாங்கினார். ப்ராஸ்ட் ஒரு வருடம் ஒதுங்கியிருந்துவிட்டு 1993ல் வந்து உட்கார்ந்தது வில்லியம்ஸ் அணியின் காரில். அன்றைக்கு அதைவிட நல்ல கார் யாரிடமும் இல்லை. இதை மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

அப்புறம் ஹங்கேரி. 2010 பந்தயத்தில், முந்த வந்த பாரிக்கெல்லோ என்ற ஓட்டுநரைச் சுவரோடு சுவராக நெருக்கியது. தப்பு, பெரிய தப்பு, அடுத்து ஸ்பாவில் நடந்த பந்தயத்தில் கிளம்பும் வரிசையில் பத்து இடம் பின்னால் தள்ளினார்கள். ஆனால் அந்தக் குணம் 1994லும் 1997லும் எதிராளியின் காரோடு மோதியபோதே இருந்ததுதானே, திரும்பி வந்ததால் முளைத்ததா? இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை.

இளம் ஓட்டுநர் ஒருவரின் இடத்தை அடைத்துக்கொண்டாராம்! அவர் எழுந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தது, பின்னாளில் அங்கேயே பட்டமாக வாங்கிக் குவித்த ஹாமில்டன் ஐயா. பாவம், ரொம்ப நஷ்டப்பட்டார்.

2012 மொனாக்கோ தகுதிச் சுற்று, அதாவது யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்கிற சுற்று, ஞாபகம் இருக்கிறதா? இருபக்கமும் கம்பித் தடுப்பு, உரசினால் முடிந்தது கதை. அதில் 43 வயதில் ஒரு நிமிடம் 14.301 வினாடி. இரண்டாவதாக வந்த வெப்பரைவிட 0.08 வினாடி வேகம். உட்கார்ந்து பார்க்க முடியாமல் டிவிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். முந்தின பந்தயத்தில், பார்சிலோனாவில் புருனோ சென்னா என்ற ஓட்டுநர் மேல் மோதியதற்கு ஐந்து இடத் தண்டனை பாக்கி இருந்ததால் ஆறாவதாகத்தான் கிளம்பினார், பந்தயத்தையும் முடிக்கவில்லை. கணக்கில் அந்த போல், அதாவது முதலில் நின்று கிளம்பும் இடம், வெப்பருடையது. அதனால் அந்தச் சுற்றை யாருமே ஓட்டவில்லை என்று ஆகிவிடுமா?

அடுத்த மாதம் வலென்சியாவில் மூன்றாம் இடம். முடிந்ததும் எத்தனையாவது என்று ரேடியோவில் கேட்டுத்தான் அவருக்கே தெரிந்தது. மேடையில் அலோன்சோ, ராய்க்கோனன், ஷூமாக்கர். ராய்க்கோனன் அந்த வருடம்தான் ரேலியிலிருந்து திரும்பியிருந்தார், அலோன்சோவும் பிறகு 2018ல் போய் 2021ல் வந்தார். மூன்று பேருமே போய்விட்டு வந்தவர்கள்! இதில் ஒருத்தர் மட்டும் ஏன் உங்களுக்குக் கேலிப்பொருள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். என் அப்பா லேத் பட்டறையில் ஓய்வு பெற்று, இரண்டு வருடம் கழித்து மறுபடி வேலைக்குப் போனார். அதற்குள் எல்லாம் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் இயக்குகிற மெஷின், ஆகியிருந்தது. ராத்திரி சாப்பிட்டதும் பழைய நோட்டு ஒன்றில் அந்த மெஷினின் பொத்தான்களைக் கட்டம் கட்டமாக வரைந்து, விரல் வைத்து அழுத்திப் பழகுவார். முதல் வாரம் இரண்டு ஷாஃப்ட் வீணாய்ப் போனது. அவரிடமே தொழில் கற்றவன் ஒருவன் எல்லோர் எதிரிலும், "மரியாதையா வீட்டுல இருந்திருக்கலாமேண்ணே" என்றானாம். அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நேற்று அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கேட்டது அவன் குரல்தான்.

"ரெண்டும் ஒண்ணா, அவர் கோடீஸ்வரர்" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள்.

2013 டிசம்பரில் அந்தப் பனிச்சறுக்கு விபத்து. அதற்கப்புறம் அவரை நாம் பார்க்கவே இல்லை. நீங்கள் வேண்டாம் என்கிற அந்த மூன்று வருடம்தான் அவரை நாம் ஃபார்முலா 1ல் கடைசியாகப் பார்த்தது. கமெண்ட்டை மூடவில்லை, சிரிப்புக் குறி போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். முதலில் அந்த மொனாக்கோ சுற்றை முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றேகால் நிமிடம்கூட ஆகாது.