42 புள்ளி வித்தியாசம்

2025 மே 25, ஞாயிறு. இன்று காலை ஆறு மணிக்கு எங்கள் நீலகிரி மஞ்சூரில் மழை எப்படி அடித்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரளாவில் பருவமழை நேற்றே இறங்கிவிட்டது, வழக்கத்தைவிட எட்டு நாள் முன்னால். நீலகிரிக்கும் கோவைக்கும் இன்றும் நாளையும் ரெட் அலர்ட். கரண்ட் ராத்திரியே போய்விட்டது. எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் நிற்கும். அங்கே சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, இருந்த 61 சதவீத சார்ஜை நம்பி உட்கார்ந்தேன். ஓக்லஹோமா சிட்டி தண்டர், மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் மேற்குப் பிரிவு இறுதியில் மூன்றாவது ஆட்டம்.

143-101 என்று முடிந்தது. அந்த 101 எங்களுடையது, தண்டருடையது.

இதை எழுதலாமா என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஊட்டி பக்கம் மரம் விழுந்து, கோழிக்கோட்டிலிருந்து வந்திருந்த ஒரு பையன் இன்று இறந்துபோனான். சுற்றிப் பார்க்க வந்த பிள்ளை. அப்படிப்பட்ட நாளில் பந்து விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பள்ளிக்கூட டீம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஒரே வரி சுற்றிக்கொண்டிருக்கிறது: "ஒரு மேட்ச்தானே, விடுடா." அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் என்னால் படுக்க முடியாது.

ஒரு மேட்ச்தான். கணக்கில் ஒன்றுதான். ஒரு புள்ளியில் தோற்றாலும் 42 புள்ளியில் தோற்றாலும் தொடரில் 2-1 என்றுதான் எழுதுவார்கள். இது எனக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் தண்டர் 82 ஆட்டத்தில் 68 ஜெயித்தது. சராசரியாக ஒரு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 13 புள்ளி வித்தியாசம். என்பிஏ வரலாற்றில் எந்த அணியும் ஒரு சீசன் முழுக்க இவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை. லீகிலேயே சிறந்த டிஃபென்ஸ். இந்தத் தொடரில் முதல் இரண்டு ஆட்டமும் எங்களுக்கு: 114-88, 118-103. எங்கள் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டருக்குப் போன புதன்கிழமைதான் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபியை அறிவித்தார்கள். இத்தனையையும் மடியில் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கு உட்கார்ந்தவனுக்கு முதல் குவார்ட்டரில் என்ன கிடைத்தது தெரியுமா? 34-14. மினசோட்டாவின் ஆன்டனி எட்வர்ட்ஸ் ஒருத்தர் மட்டும் 16. எங்கள் மொத்த அணியும் சேர்ந்து போட்டதைவிட அவர் ஒருத்தர் இரண்டு புள்ளி அதிகம்.

பாதி ஆட்டத்தில் 72-41. அப்பா கட்டஞ்சாயாவும் வர்க்கியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு இந்த ஆட்டம் அவ்வளவாகப் புரியாது, ஆனால் ஸ்கோர் மட்டும் பார்ப்பார். "என்னடா, இதுல எது நம்மளோடது?" என்றார். சின்ன நம்பர் என்றேன். வர்க்கியை டீயில் நனைத்தவர் வாயில் போடாமல் என்னையே பார்த்தார். நனைந்த பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

அந்த நேரத்திலும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போகவில்லை. காரணம் இருக்கிறது. போன மாதம் முதல் சுற்றில் மெம்பிஸ் அணியோடு மூன்றாவது ஆட்டத்தில் பாதியில் 26 புள்ளி பின்தங்கி இருந்தோம், ஒரு கட்டத்தில் 29 வரை போனது, அங்கிருந்து எழுந்து 114-108 என்று ஜெயித்தவர்கள் இதே பையன்கள்தான். அதைப் பார்த்தவனுக்கு 31 பெரிய எண்ணாகத் தெரியவில்லை. மூன்றாவது குவார்ட்டர் பாதி தாண்டியபோதுதான் புரிந்தது. மெம்பிஸ் அன்று தளர்ந்தது, அவர்களின் ஜா மொரான்ட் அடிபட்டு வெளியே போனார். மினசோட்டா தளரவேயில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "கெட்ட நாள்", "பந்து விழல", "தூங்கிட்டானுங்க" என்று குழுவில் பேசுகிறார்கள். இதில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நாம் தூங்கியதால் அவர்கள் ஜெயிக்கவில்லை. அவர்கள் ஜெயித்தார்கள். அவர்களின் ஜூலியஸ் ராண்டிலைப் பாருங்கள். இரண்டாவது ஆட்டத்தில் 6 புள்ளி, கடைசி குவார்ட்டர் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு அவமானம்! இன்று வந்து 24 போட்டார். எட்வர்ட்ஸ் 30. பெஞ்சிலிருந்து இறங்கிய டெரன்ஸ் ஷானன் என்கிற முதல் வருடப் பையன் 15. ஷேயை 13 எறிதலில் 4 மட்டும் போட விட்டு, 14 புள்ளியில் நிறுத்தினார்கள். இது தானாக நடப்பதா? இரண்டு நாள் உட்கார்ந்து நம் ஆட்டத்தைப் படித்திருக்கிறார்கள். எதிராளி பந்தைக் கையில் வாங்குவதற்குள் மேலே விழுவது, பாஸ் போகிற வழியில் கையை நீட்டுவது, பந்து பறிபோனவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் கூடையில் போடுவது, இதெல்லாம் தண்டரின் வித்தை. அந்த வித்தையை நமக்கே காட்டிவிட்டார்கள். இதைக் கெட்ட நாள் என்று சொன்னால் அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேசுவதாக ஆகாதா?

இன்னொன்றும் இருக்கிறது, ரசிகர்கள் யாரும் வாயைத் திறக்காத ஒன்று. சீசன் முடிந்து நடக்கிற இந்த ப்ளேஆஃப் சுற்றுகளில் சொந்த ஊரில் ஆடியதில் ஏழு வெற்றி, ஒரு தோல்வி. வெளியூரில்? மெம்பிஸில் இரண்டு வெற்றி, டென்வரில் ஒன்று ஜெயித்து இரண்டு தோல்வி, இப்போது மினசோட்டாவின் ஊரான மினியாபொலிஸில் இது. மூன்றுக்கு மூன்று. சொந்த ஊரில் புலி, அடுத்த ஊரில் பாதிப் புலி. அங்கே கூட்டம் ஷேயைப் பார்த்து, ஃபவுல் கேட்டு ஃப்ரீ த்ரோ வாங்கியே பிழைக்கிறவன் என்று கத்துகிறது. கத்தத்தான் செய்யும். அதற்கு நடுவில் முதல் ஐந்து நிமிடம் நிதானமாக ஆடத் தெரிய வேண்டும், அது நம்மிடம் இன்னும் வரவில்லை. இளம் அணி என்பது சமாதானம் ஆகாது.

நான் இப்படிப் பேசுவதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போது கோவையில் ஒரு டோர்னமென்ட்டுக்குப் போனோம். மலையில் பள்ளிக்கூடங்களுக்குக் கால்பந்து மைதானம் அமைவது கஷ்டம், சமதளம் எங்கே இருக்கிறது? சரிவை வெட்டி ஒரு தட்டு எடுத்தால் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் கிடைத்துவிடும், கூடைப்பந்துக் கோர்ட்டுக்கு அது போதும். அப்படி ஒரு கோர்ட்டில்தான் நாங்கள் ஆடப் பழகினோம். பந்து வேலி தாண்டினால் கீழே தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும், அதனால் பாஸ் மட்டும் எங்களுக்குச் சுத்தமாக வரும். அந்தத் தைரியத்தில் போனவர்களைக் கோவைப் பையன்கள் 83-19 என்று அனுப்பினார்கள்.

அந்த ஸ்கோர் போர்டு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. தகரத் தகட்டில் பெயின்ட் அடித்த எண்கள், கொக்கியில் மாட்டித் தொங்கும். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற ஒரு பையன் பக்கத்தில் நின்று மாற்றிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் பத்துகள் இடத்தில் "1" மாட்டினான், அதை அப்புறம் கழற்றவே இல்லை. கடைசி நிமிடத்தில் "2" என்ற தகட்டை எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தான். எங்கள் ஷாட் ரிங்கில் பட்டு வெளியே போனது. அவன் அந்தத் தகட்டை மெதுவாகத் திரும்பக் கீழே வைத்ததைப் பார்த்தேன். 64 புள்ளி தோல்வியைவிட அது எனக்கு வலித்தது.

திரும்பி காரமடை, முள்ளி, கெத்தை வழியாக வந்தோம். 43 கொண்டை ஊசி வளைவு. ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. கெத்தை தாண்டியதும் எங்கள் பி.டி. மாஸ்டர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "நாம தோத்துட்டோம்னு உனக்கு எப்பப்பா தெரிஞ்சுது?" ஒருத்தன் பாதி ஆட்டத்தில் என்றான். ஒருத்தன் பாயின்ட் கார்டுக்கு நாலாவது ஃபவுல் விழுந்தபோது என்றான். எங்கள் சென்டர் மட்டும், "அவங்க வார்ம்-அப் பண்றதப் பாத்தப்பவே, சார்" என்றான். மாஸ்டர் திட்டவில்லை. "அப்ப அங்கிருந்து ஆரம்பிப்போம்" என்றார். மறுநாளிலிருந்து ஒரு மாதம் எங்களுக்கு வார்ம்-அப் மட்டும்தான், ஆட்டம் மாதிரி வேகத்தில். அடுத்த வருடம் அதே ஊரில் இரண்டு சுற்று தாண்டினோம்.

அவர் அன்று பஸ்ஸில் "ஒரு மேட்ச்தானே, விடுங்கடா" என்று சொல்லியிருந்தால்?

தண்டரை நான் பிடித்துக்கொண்டது 2012 ஃபைனலில். டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூன்று பேரும் இருந்து மயாமியிடம் 4-1 என்று தோற்றார்கள். கடல் இல்லாத, பெரிய பேர் இல்லாத ஒரு ஊர், பெரிய லீகுகளில் அந்த ஊருக்கு என்று இருப்பது இந்த ஒரே ஒரு அணி. மலைமேல் உட்கார்ந்திருந்த எனக்கு அது போதுமாக இருந்தது. 2016-ல் ஏழு ஆட்டத் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை 3-1 என்று மடக்கி வைத்து, கடைசி மூன்றையும் விட்டோம். அந்தக் கோடையிலேயே டுரான்ட் அதே வாரியர்ஸுக்குப் போனார். 2019-ல் வெஸ்ட்புரூக்கும் போனார். 2021 மே மாதம் சொந்த ஊரில் இந்தியானாவிடம் 152-95. 57 புள்ளி. அதே வருடம் டிசம்பரில் மெம்பிஸில் 152-79. 73 புள்ளி, என்பிஏவில் இதுவரை யாரும் அவ்வளவு வித்தியாசத்தில் தோற்றதில்லை. அந்த ஆட்டம் நமக்குக் காலை ஆறரைக்கு. நான் கோவையில் வேலையில் இருந்தேன், லாட்ஜ் மாதிரி ஒரு அறையில் காதில் இயர்போனோடு கடைசி விசில் வரைக்கும் பார்த்தேன். ஷே அன்று ஆடவில்லை, தலையில் அடி. ஆனால் இன்றைக்கும் அணியில் இருக்கிற லூ டார்ட் ஆடினார். கோச் அன்றும் இதே மார்க் டெய்னால்ட்தான்.

பதினெட்டே நாளில் அதே மெம்பிஸுக்கு, அதே கோர்ட்டுக்குப் போய் 102-99 என்று ஜெயித்தார்கள். 73-ஐ எல்லாருக்கும் தெரியும், அந்த மூன்று புள்ளி வெற்றியை யாரும் பேசுவதில்லை. எனக்கு இந்த அணியில் பிடித்த ஆட்டம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், இந்த வருடத்து 68 வெற்றியில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் முதல் சுற்றில் மெம்பிஸை 131-80 என்று நாம் அடித்தபோது, 73-க்குப் பதிலடி என்று நானும் குழுவில் துள்ளினேன். 51 புள்ளி. அன்று அந்த ஊரில் எவனாவது ஒருத்தன் டிவியை அணைக்காமல் கடைசிவரை உட்கார்ந்திருப்பான். அவனைப் பற்றி அன்று எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. இன்று வந்தது. இனிமேல் 40, 50 என்று ஜெயிக்கும்போது மற்ற அணி ரசிகனைச் சீண்டி நான் ஒரு வார்த்தை போட மாட்டேன்.

முக்கிய ஆட்டக்காரர்களை சீக்கிரமே உட்கார வைத்துவிட்டார் என்று டெய்னால்ட்டைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 40 புள்ளி பின்னால் நிற்கும்போது ஷேயின் காலைத் தேய்த்து என்ன பயன்? நாளை மறுநாள் அந்தக் கால் வேண்டும். ஆனால் ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்குப் போகலாம், ரசிகன் எழுந்து போகக் கூடாது. குழுவில் பாதிப் பேர் பாதி ஆட்டத்திலேயே அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்களாம். அவர்கள்தான் இப்போது "விடுடா" என்கிறார்கள். முழுசாகப் பார்க்காதவனுக்கு விடுவதற்கு என்ன இருக்கிறது? நான் கடைசி வரை பார்த்தேன். முடிந்தபோது போனில் 4 சதவீதம் மிச்சம்.

நாலாவது ஆட்டம் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு. கரண்ட் சாயங்காலம் வந்துவிட்டு மறுபடி போய்விட்டது, குந்தா ரோட்டில் கற்பூர மரம் சாய்ந்து லைன் அறுந்ததாகச் சொல்கிறார்கள். பவர் பேங்கை டீ ஃபேக்டரியில் வேலை செய்கிற நண்பனிடம் கொடுத்து விட்டிருக்கிறேன், அங்கே ஜெனரேட்டர் ஓடும். சற்று முன்னால் அப்பா வந்து, "அந்தச் சின்ன நம்பர் டீமுக்கு அடுத்து எப்போ?" என்று கேட்டார். சொன்னேன். "அஞ்சரைக்கு எழுப்பிவிடறேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் தண்ணீர் உள்ளே வராமல் சாக்கை மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார்.