பெரியவனானதும் என்ன ஆகப்போறே?

இந்தக் கேள்வியைக் குழந்தைகளிடம் கேட்பதை நிறுத்திவிடலாம் என்று கொஞ்ச நாளாகவே தோன்றுகிறது. படம் வரையப் பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளையை நாம் மனதுக்குள் உடனே ஓவியராக்கி, அது சோறு போடுமா என்று கணக்குப் பார்த்து, அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். பிள்ளை கேட்டது ஒரு தாளும் பென்சிலும்தான். உத்தியோகத்தை யார் கேட்டது?

இதன் விளைவு நாற்பது வயதில் தெரியும். அப்போது பழைய கனவு வெறும் பதவிப் பெயராகத்தான் நினைவில் நிற்கும். பைலட் ஆகவில்லை, பாடகி ஆகவில்லை, ஆக நான் தோற்றுவிட்டேன்.

கலாம் கதை எல்லோருக்கும் தெரியும். விமானப்படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்ததோ எட்டுப் பேரை. 2006-இல், 74 வயதில், சுகோய் போர் விமானத்தில் பறந்தார். அருமை, ஆனால் அதற்குக் குடியரசுத் தலைவராக வேண்டும் என்றால் நமக்கெல்லாம் என்ன வழி?

எனக்கு எட் டுவைட் கதைதான் நெருக்கமானது. அமெரிக்க விமானப்படை விமானி. கறுப்பினத்தவரில் விண்வெளிப் பயணத்துக்கென்று 1960-களின் தொடக்கத்திலேயே பயிற்சிக்குப் போனவர், ஆனால் நாசா அவரை எடுத்துக்கொள்ளவில்லை. 1966-இல் படையை விட்டு வெளியே வந்துவிட்டார். அவருக்குச் சின்ன வயதில் இன்னொரு ஆசையும் இருந்தது, ஓவியம். அப்பாதான் பொறியியல் படி என்று சொல்லிவிட்டார் (எல்லா நாட்டிலும் அப்பாக்கள் அப்பாக்கள்தான்). அந்த ஆசையைத் தேடிப் போய், 1977-இல் சிற்பக்கலையில் முதுகலைப் பட்டம் வாங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நினைவுச் சிற்பங்களைச் செய்தார். 2024 மே மாதம், 90 வயதில், ஒரு தனியார் ராக்கெட்டில் விண்வெளியைத் தொட்டுவிட்டும் வந்தார். செய்திகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடப் பயணத்தையே கொண்டாடின. அதற்கு முன் வெண்கலத்தோடு அவர் கழித்த அத்தனை வருடங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

சரி, அப்படியானால் வேலையை விட்டுவிட்டுக் கனவின் பின்னால் ஓடலாமா? ஓடி ஜெயித்தவர்கள்தான் மேடையேறி அப்படிச் சொல்கிறார்கள், தோற்றவர்களுக்கு யார் மைக் கொடுத்தார்கள்? 1973-இல் வந்த ஓர் ஆய்வில், வரைவதில் ஆர்வமுள்ள சிறு குழந்தைகளில் சிலருக்கு மட்டும் பரிசு தருவதாக முன்பே சொல்லி வரையச் சொன்னார்கள். பிறகு சும்மா விளையாட விட்டபோது அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம், மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். பிடித்ததைச் செய்து சம்பாதிப்பது நல்லதுதான். ஆனால் சம்பாதிக்காமலே ஒன்றைச் செய்வதற்கும் வாழ்க்கையில் இடம் வேண்டாமா?

நாற்பதைத் தாண்டித்தான் நான் மறுபடி வரைய உட்கார்ந்தேன். குழந்தைக்குத் தன் படம் மோசம் என்று தெரியாது, நமக்கு முதல் கோட்டிலேயே தெரிந்துவிடும், அதுதான் கஷ்டம். முகம் வரைந்தால் கண்களை நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன், உண்மையில் அவை தலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன. இத்தனை வருடம் தினமும் கண்ணாடி பார்த்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறது! தெரிந்த அன்று வந்த சந்தோஷம் எந்தப் பதவி உயர்வுக்கும் வந்ததில்லை, மிகையாகச் சொல்லவில்லை. இப்போது கைகள் வரைந்து பழகுகிறேன். கட்டைவிரல் மட்டும் இன்னும் ஒட்டவைத்த மாதிரியே வருகிறது.