ஹார்மோன் மாத்திரையும் பங்குனி உத்திரமும்

பங்குனி உத்திரம் நெருங்கினால் நம்ம திருநெல்வேலி பக்கம் இது நடக்கும். குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகணும், அந்த நேரம் பார்த்துத் தீட்டு வந்துரக் கூடாது என்று, தீட்டு நிற்கும் வயதுத் தொந்தரவுகளுக்காக ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன் எடுக்கும் அக்காமார் சிலர் புரோஜெஸ்டிரோனை மட்டும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் ரத்தம் வந்துவிடும். எதைத் தடுக்க நிறுத்தினார்களோ அதுவே வரும்.

காரணம் எளிது. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்படலத்தை வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் அதை அடக்கி வைக்கும். புரோஜெஸ்டிரோன் உடம்பிலிருந்து இறங்கியதும் படலம் உதிரும். தேதி தள்ள வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு அந்த மாத்திரையைச் சில நாள் நீட்டிப்பதுதான் வழி. தூக்கம் தூக்கமாக வருது என்று மாதக்கணக்கில் அதை விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்வது இன்னும் மோசம். படலம் தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோய்வரை இழுத்துவிடலாம். தூக்கம் வருகிறதா, ராத்திரி படுக்கப் போகும்போது போடுங்கள். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குத்தான் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

ரத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பது. தீட்டு இன்னும் முழுசாக நிற்காதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்டிரோன் மாதத்தில் 12 முதல் 14 நாள், பெரும்பாலும் 200 மில்லிகிராம். அந்த நாட்கள் முடியும் தறுவாயிலோ, முடிந்த சில நாளிலோ ரத்தம் வரும். அது கணக்குப்படி வருவது, பயமில்லை. (இந்த மாத்திரை கருத்தடை ஆகாது. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் அதையும் யோசியுங்கள்.)

தீட்டு நின்று ஒரு வருஷம் ஆனவர்களுக்கு இரண்டும் தினமும், புரோஜெஸ்டிரோன் வழக்கமாக 100 மில்லிகிராம். இதில் ரத்தமே வரக் கூடாது என்பதுதான் இலக்கு, ஆனால் முதல் 3 முதல் 6 மாதம் பொட்டுப் பொட்டாகப் படுவது சகஜம். ஒரு வருஷம் ஆகுமுன்னே இந்த முறைக்கு மாறினாலும் தாறுமாறாகப் படும். நாள் தவறிப் போடுவது, வாந்தி பேதி, வலிப்புக்கான ஃபெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவையும் கணக்கைக் குழப்பும்.

6 மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், நின்று பல மாதம் கழித்துத் திரும்ப வந்தால், எப்போதானாலும் கட்டிகட்டியாகக் கொட்டினால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். பருமன், சர்க்கரை, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள். கருப்பை வாயைப் பார்க்காமல் ஸ்கேனுக்கு மட்டும் எழுதித் தந்தால் "உள்ளே பார்க்கலையா டாக்டர்?" என்று கேளுங்கள். கருப்பை வாயில் உள்ள சின்னப் பாலிப்பும் (சதை வளர்ச்சி), பிறப்புறுப்பு வறட்சியும்கூட ரத்தம் காட்டும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் தினசரி முறைக்காரர்களுக்குப் படலம் 4 மில்லிமீட்டருக்குள்ளும், மாத முறைக்காரர்களுக்கு 7க்குள்ளும் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. கூடுதலாக இருந்தால் மெல்லிய குழாய் விட்டுத் திசு எடுப்பார்கள். கொஞ்சம் சுருக்கென்று பிடித்து இழுக்கும், சில நிமிஷ வேலை.

இதையெல்லாம் செய்யுமுன்னே "கர்ப்பப்பையை எடுத்துரலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மகப்பேறு ஓபி இருக்கிறது, இன்னொரு கருத்துக் கேளுங்கள். மெடிக்கலில் தானாக வாங்கி ரத்தம் நிற்கிற மாத்திரை போடுவதும் வேண்டாம். ஈஸ்ட்ரோஜனோடு அது ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டலாம், நோயையும் மறைக்கும். உளுந்தங்களி தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது படலத்தின் தடிமனைக் குறைக்காது.

டாக்டரிடம் போகும்போது சுவர்க் காலண்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். புரோஜெஸ்டிரோன் போட்ட நாளுக்கு வட்டம், ரத்தம் பட்ட நாளுக்குப் பெருக்கல் குறி, மாத்திரை விட்ட நாளுக்குக் கோடு, பக்கத்திலேயே எத்தனை நாப்கின் என்று எண். மூன்று மாதத் தாள் இருந்தால் டாக்டர் பாதிக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்காது.