கையெழுத்துப் போட்ட மறுநாள்

இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டாச்சு என்று யாராவது பதிவிட்டால், கீழே வரிசையாக "இனி நீ செட்டில்டா தம்பி" என்றுதான் கமெண்ட் விழும். வாழ்த்துவதில் தப்பில்லை, ஆனால் அந்த "செட்டில்" மட்டும் எனக்கு ஒப்பவே இல்லை, கையெழுத்துக்குப் பிறகும் உழைப்பு நிற்கக் கூடாது.

அட்வான்ஸ் என்று கையில் வருவது பரிசு இல்லை, நாளைக்குப் பாட்டு விற்று வரவேண்டிய உங்கள் பங்கை, அதாவது ராயல்டியைத்தான் இன்றைக்கே தருகிறார்கள். ஸ்டுடியோ செலவும், பல சமயம் வீடியோ செலவில் ஒரு பங்கும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும், அதெல்லாம் உங்கள் பங்கிலிருந்து கழிந்த பிறகே ராயல்டி என்று ஒன்று கைக்கு வரும். டிஎல்சி என்ற அமெரிக்கப் பெண்கள் பாடகர் குழு, லட்சக்கணக்கில் ஆல்பம் விற்றுக்கொண்டிருந்த 1995-லேயே திவால் மனு போட்டது. அப்புறம் அந்த ஆப்ஷன் ஷரத்து. அடுத்த ஆல்பம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான், நீங்கள் பாட்டுக்கு எழுந்து போய்விட முடியாது. உங்களை நம்பி எடுத்த அதிகாரி நடுவில் வேலை மாறிவிட்டால் (இது சர்வசாதாரணம்), புதிதாக வந்தவருக்கு நீங்கள் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

பிரிட்டனின் பீட்டில்ஸ் குழு இஎம்ஐ என்ற இசை நிறுவனத்தோடு சேர்ந்தது 1962-ல். முதல் சிங்கிள் வெளிவந்த பிறகும், அந்த டிசம்பரில் ஹாம்பர்க் கிளப் மேடையில்தான் ராத்திரி ராத்திரியாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1963 பிப்ரவரி 11 அன்று, குழுவின் பாடகர் ஜான் லெனனுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்த நிலையிலும், முதல் ஆல்பத்துக்கான 10 பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். மேடையில் ஊறிய கை இல்லாமல் இது நடக்கிற காரியமா?

உழைப்பு என்றதும் நிறுவனம் காட்டுகிற பேட்டி, ரீல்ஸ், ரசிகர் சந்திப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைத்துவிடுகிறார்கள். குரல்நாண் சதைதான், ஓய்வில்லாமல் கத்தினால் அதில் முடிச்சு மாதிரி சின்னத் தடிப்பு விழலாம். நான் சொல்வது தினசரி சாதகம், புதுப் பாட்டு எழுதுவது, சின்ன மேடையையும் விடாமல் பிடிப்பது. கூடவே யாருக்கும் பிடிக்காத எழுத்து வேலையும் இருக்கிறது: யார் எத்தனை சதவீதம் எழுதினார்கள் என்று பாட்டு வெளிவருவதற்கு முன்பே எழுதி வாங்குவது, பாட்டு எழுதியவர்களுக்கான தொகையை வசூலித்துத் தரும் உரிமைச் சங்கத்தில் பதிவு செய்வது. ராயல்டி அறிக்கை வந்தால் வரிவரியாகப் படியுங்கள், ஏனென்றால் கணக்கில் ஆட்சேபம் சொல்ல ஒப்பந்தத்திலேயே ஒரு கெடு இருக்கும், அது தாண்டிவிட்டால் அவர்கள் போட்டதுதான் கணக்கு.