நெவில் வாத்தியார்

ஆசிரியர் தினம் வந்தால் ஹாரி பாட்டர் ரசிகர்கள் பலர், அந்தக் கதையின் மந்திரப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வரும் ஸ்னேப்பின் படத்தைப் போட்டு உருகுகிறார்கள். அவருடைய தியாகம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாத்தியார் என்று வந்தால் எனக்கு அந்தக் கதையில், ஹாரியோடு படித்துப் பின்னால் அதே பள்ளியில் வாத்தியாராகிற நெவில் லாங்பாட்டம்தான்.

மூன்றாம் வருடத்தில் ஒரு வகுப்பு வருமே. எதிரே நிற்பவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அந்த உருவத்தை எடுக்கும் போகார்ட் என்ற மாயப் பிராணியை விரட்ட லூபின் என்கிற வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார். நெவில் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அப்பா அம்மாவைச் சித்திரவதை மந்திரம் போட்டே மனம் பேதலிக்க வைத்துவிட்டார்கள். இருவரும் இன்னும் மருத்துவமனையில்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய பயம் எது? ஸ்னேப். சொந்த வாத்தியார்! இதைப் படித்தபிறகும் அவரை ஆசிரியர் தினத்தில் வைத்து எப்படிக் கொண்டாட முடிகிறது?

வகுப்பு தொடங்குமுன், இவனை நம்பிக் கஷ்டமான வேலை எதுவும் கொடுக்காதீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போகிறார் ஸ்னேப். லூபின் சண்டைக்குப் போகவில்லை. முதலில் எனக்கு உதவப்போவதே இவன்தான், நன்றாகச் செய்வான் என்கிறார். முடித்துவைக்கவும் அவனையே கூப்பிடுகிறார்.

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் இந்த இரண்டு சார்வாள்களையும் தெரிந்திருக்கும். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்வாள்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்டதும் இதே ஊரில்தான். அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பு குறைந்திருக்கிறது. "நீயெல்லாம் எதுக்குல பள்ளிக்கூடத்துக்கு வார" குறையவில்லை.

நெவிலை வளர்த்தது அவன் ஆச்சி. அப்பாவைப் போல வரவேண்டும் என்று அப்பாவின் மந்திரக்கோலையே அவன் கையில் கொடுத்திருந்தார். கோல்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்பது அந்த உலகத்து விதி. ஐந்து வருடம் அவன் தடுமாறியதில் அந்தக் கோலுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். பரீட்சையில் மூலிகையியலில் அவனுக்கு உச்ச மதிப்பெண். ஆச்சிக்கு அது போதவில்லை, உருமாற்றப் பாடம்தான் எடுக்கவேண்டும். பத்தாவது ரிசல்ட் வந்ததும் இங்கே வீடுவீடாக நடக்கிற ஃபர்ஸ்ட் குரூப் சண்டையேதான் இது. தான் நினைத்துவைத்திருக்கிற பேரனை விட்டுவிட்டு, கண்ணெதிரே இருக்கிற பேரனை நினைத்து உன் ஆச்சி பெருமைப்படட்டும் என்கிற அர்த்தத்தில் மெக்கோனகல் டீச்சர் அவனிடம் பேசுவார். அந்த இடத்தை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்! (பொதிகையில் அகத்தியர் இருந்தார் என்று நம்புகிற ஊர் நமக்கு. மூலிகையும் மந்திரமும் வாத்தியார் வேலையும் ஒரே ஆளிடம் இருப்பதில் நமக்கென்ன ஆச்சரியம்.)

ஆனால் செடிகொடி தெரிந்ததால் மட்டும் அவன் வாத்தியாராகவில்லை. ஏழாம் வருடம் பள்ளிக்கூடம் கொடியவர்கள் கைக்குப் போகிறது. தண்டனை பெற்ற மாணவர்கள் மேல் சித்திரவதை மந்திரத்தைப் போட்டுப் பழகச் சொல்கிறார்கள். அவன் பெற்றோரைச் சிதைத்த அதே மந்திரம். மாட்டேன் என்கிறான், கன்னத்தில் ஆழமான வெட்டு விழுகிறது. கடைசிச் சண்டையில் வில்லனுடைய பாம்பின் தலையை அவன் வெட்டியதற்குத்தான் எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்கு இந்த "மாட்டேன்"தான் பெரிது. சொல்கிறவர் வாத்தியாராகவே இருந்தாலும், ஒரு பிள்ளையை வதைக்கமாட்டேன் என்றானே, அன்றைக்கே அவன் வாத்தியாராகிவிட்டான்.

19 வருடம் கழித்து ஹாரியின் மூத்த மகனிடம், நெவிலுக்கு எங்கள் அன்பைச் சொல் என்கிறாள் அம்மா. புரொபசரிடம் போய் எப்படி அதைச் சொல்வது என்று பையன் பதறுகிறான். வெளியே தெரிந்த மாமாதான், பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் சார்வாள். அவ்வளவுதான் புத்தகத்தில் இருக்கிறது. சண்டைகளுக்கு அத்தனை பக்கங்கள் ஒதுக்கிய கதையில், நெவில் பாடம் நடத்துகிற ஒரே ஒரு பீரியடுக்கு இடம் கொடுத்திருக்கலாம்.