எஸ்.ஜி.எஸ்.டி.ன்னா சர்வர்

பெரியவர்: இந்தா பாரு தம்பி, பேனாவால வட்டமே போட்டுருக்கேன். உன் டிப்ஸ் 17 ரூவா பில்லுலயே வந்துருச்சு. அப்புறமும் எதுக்கு இங்கனயே நிக்கிற?

சர்வர்: பில் அட்டை மேல உங்க மூக்குக் கண்ணாடி இருக்கு சார். அத எடுத்தீங்கன்னா நான் அட்டைய எடுத்துட்டுப் போயிருவேன்.

பெரியவர்: ஓ. (கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.) நான் வேற என்னமோன்னு நெனச்சேன்.

சர்வர்: அந்த 17 ரூவா என்னன்னு மட்டும் சொல்லிருங்க சார். எனக்கு வந்ததா இருந்தா எனக்குத் தெரியணும்ல.

பெரியவர்: சாப்பாடு 680. கீழ பாரு, எஸ்.ஜி.எஸ்.டி. ரெண்டரை பர்சென்ட், 17 ரூவா. எஸ்ன்னா சர்வர்.

சர்வர்: அதுக்கு மேல சி.ஜி.எஸ்.டி.ன்னு இன்னொரு 17 இருக்கே சார்?

பெரியவர்: அது கிளீனருக்கு.

(நான் அடுத்த டேபிளில் இருந்தேன். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.)

சர்வர்: நடுவுல இருக்கிற ஜி யாரு சார்?

பெரியவர்: இப்பல்லாம் வடக்க இருந்து பசங்க வேலைக்கு வந்திருக்காங்கல்ல. ஜி, ஜின்னு கூப்புடுறீங்களே, அவங்களுக்கும் ஒரு பங்கு. கவர்மெண்டு எல்லாத்தையும் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கு.

சர்வர்: சார், எஸ்ன்னா ஸ்டேட். மாநிலத்துக்குப் போறது. சி-ன்னா சென்ட்ரல், அது டெல்லிக்கு.

பெரியவர்: உனக்கு?

சர்வர்: எனக்கு நீங்க கை தொடச்சுக் கசக்குன டிஷ்யூ.

பெரியவர்: ஏப்பா, வெளையாடாத. 2017 ஜூலைல இது வந்தப்பவே நான் கவனிச்சுட்டேன். இதே ஏ.சி. ரூமுல 18 பர்சென்ட் போட்டாங்க. பாதி 9 உனக்கு! அம்புட்டு குடுத்துருக்கேன். ஒரு நாளாச்சும் நன்றின்னு சொல்லியிருப்பியா?

சர்வர்: எனக்கே இப்பத்தான சார் தெரியுது.

பெரியவர்: அந்த நவம்பர்ல 5 பர்சென்டா கொறச்சப்ப வீட்டுல சொல்லி வருத்தப்பட்டேன். ‘பாவம், 9 வாங்கிட்டிருந்தான், ரெண்டரை ஆக்கிட்டாங்களே’ன்னு. கேட்டுப் பாரு அவகிட்ட. ஆட்டோவுலதான் உக்காந்திருக்கா.

சர்வர்: வருத்தப்பட்டப்பவாச்சும் ஒரு பத்து ரூவா வச்சிருக்கலாமே சார்.

பெரியவர்: ரெண்டு தடவ எப்புடிக் குடுக்கிறது? அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்கல்ல?

சர்வர்: தர்றாய்ங்க சார். உங்களுக்குப் பென்சன் வருதுல்ல?

பெரியவர்: வருது.

சர்வர்: தீபாவளிக்கு மகன் வேட்டி எடுத்துக் குடுத்தா, பென்சன் வருது, வேணாம்ப்பான்னா சொல்றீங்க?

பெரியவர்: (சோம்பைக் கரண்டியில் அள்ளிக்கொண்டே) மகன்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. நான் டிப்ஸ் வைக்கத் தெரியாதவன்னு நெனைக்காத. டெக்சாஸ்ல மகன் வீட்டுக்குப் போயிருந்தப்ப ஒவ்வொரு ஓட்டல்லயும் 20 பர்சென்ட் வச்சோம். வைக்கலன்னா மொறைப்பாங்களாம்.

சர்வர்: அங்க மொறைச்சா 20. இங்க சிரிச்சா ரெண்டரை, அதுவும் கவர்மெண்டுக்கு.

பெரியவர்: அதில்லப்பா, அவங்க நெலமை அப்புடி. டிப்ஸ் வாங்குற ஆளுன்னா மொதலாளி கையில இருந்து மணிக்கு ரெண்டு டாலர் 13 சென்ட் குடுத்தாப் போதும்னு சட்டமே இருக்கு. 1991-லேருந்து ஏத்தவே இல்லையாம். மகன் சொல்லும்போது எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சர்வர்: ரெண்டு டாலர் 13 நம்ம காசுல எம்புட்டு சார்?

பெரியவர்: 180, 190 வரும்.

சர்வர்: ஒரு நாளைக்கா?

பெரியவர்: மணிக்குப்பா.

சர்வர்: (கொஞ்ச நேரம் பேசாமல் டேபிளைத் துடைக்கிறார். ஏற்கனவே துடைத்த இடம்தான்.) பாவம்தான் சார் அவிங்க.

பெரியவர்: சரி, அத விடு. சென்னைல ஒரு பெரிய ஓட்டல்ல 10 பர்சென்ட் சர்வீஸ் சார்ஜுன்னு பில்லுலயே போட்டிருந்தான். வாயத் தொறக்காம குடுத்துட்டு வந்தேன். என்னைப் போயி கஞ்சன்னு...

சர்வர்: நான் சொல்லவே இல்லையே சார். ஆனா அதுதான் நீங்க குடுக்க வேண்டாத காசு. தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு 2022 ஜூலைலயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு. 2025 மார்ச்சுல டெல்லி ஐகோர்ட்டும் அதையே சரின்னுருச்சு. எடுத்துருங்கன்னு கேட்டிருந்தா எடுத்திருக்கணும்.

பெரியவர்: உனக்கு எப்புடிய்யா இதெல்லாம் தெரியும்?

சர்வர்: தெனம் பேப்பர் படிக்கிறேன் சார். கஸ்டமருங்க டேபிள்ல விட்டுட்டுப் போறது அது ஒண்ணுதான்.

பெரியவர்: (சோம்பு மூன்றாவது கரண்டி.) நெசமாவே எஸ்ன்னா சர்வர் இல்லையா?

சர்வர்: இல்ல சார்.

பெரியவர்: சப்ளையரு?

சர்வர்: சாம்பார்னு வேணா வச்சுக்கங்க. நாலு தடவ வாங்குனீங்க, அதுக்குப் பில்லுல ஒரு ரூவா ஏறல.

பெரியவர்: சாம்பார் கேட்டா குடுக்கிறதுதான மதுரை.

சர்வர்: கேட்டா குடுக்கிறதுதான் சார் மதுரை. நாங்க கேக்கத்தான் கூடாது.

(பெரியவர் காதில் இது விழுந்ததா என்று தெரியவில்லை. விழாத மாதிரிதான் இருந்தார். இந்த மாதிரி நேரத்தில் நம்ம ஆட்களுக்குக் காது கச்சிதமாக அடைத்துக்கொள்ளும்.)

பெரியவர்: முன்னாடி இவ்வளவு பேச்சே வராதே. ஒரு தட்டுல மீதிய வைப்பீங்க, அதுல நாலு காசு விட்டுட்டுப் போவோம்.

சர்வர்: அது ஒரு வேலைப்பாடு சார். 43 ரூவா மீதின்னா கல்லாவுல நாலு பத்து, மூணு ஒத்த ரூவான்னு மாத்தி வாங்கி வருவோம். 20 ரூவா நோட்டக் கண்ணுல காட்ட மாட்டோம். 20-ஐப் பாத்தா கஸ்டமர் எடுத்துப் பைல வச்சிருவாரு, பத்தா இருந்தா ஒண்ணு தவறும். இப்ப நீங்க போன நீட்டுறீங்க, கல்லாவுல பொட்டி ‘714 ரூபாய் பெறப்பட்டது’ன்னு கத்துது.

பெரியவர்: நல்லாத்தான கத்துது?

சர்வர்: நல்லாத்தான் கத்துது. பொட்டி மொதலாளியோடது.

பெரியவர்: உனக்குன்னு தனியா ஒரு கியூ.ஆர். கோடு ஒட்டிக்க வேண்டியதுதான?

சர்வர்: ஒட்டுனேன் சார், சட்டைப் பையில. ஒருத்தர் மெனு கார்டுன்னு ஸ்கேன் பண்ணிட்டு, ‘ஊத்தப்பம் எங்க இருக்கு’ன்னு கேட்டாரு. கிழிச்சுட்டேன்.

பெரியவர்: இப்ப என்னதான் எதிர்பாக்குற? 5 பர்சென்டா, 10 பர்சென்டா?

சர்வர்: எதுவும் எதிர்பாக்கல சார். குடுத்தா டப்பாவுல போட்டு ராத்திரி 11 பேரு பிரிப்போம். குடுக்கலன்னாலும் நாளைக்கு வந்தீங்கன்னா நெய் ரோஸ்ட் முறுகலாத்தான் வரும். உங்க பேரன் பூரிக் கெழங்கக் கீழ கொட்டிட்டு அது மேலயே நடந்தான்ல, அந்தக் கிளீனர் பையன் மண்டி போட்டுத் தொடச்சான். அவனுக்கு வேணும்னா அந்த சி.ஜி.எஸ்.டி.யக் குடுத்துட்டுப் போங்க.

(பெரியவர் பர்ஸை எடுத்தார். ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். மடித்து வைத்திருந்த பழைய லாட்ஜ் ரசீது ஒன்றை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தார். கடைசியில் ஒரு 20 ரூபாய் நோட்டு வந்தது.)

பெரியவர்: இந்தா. கணக்கு 17. மூணு ரூவா குடு.

சர்வர்: சில்லறை இல்ல சார். எல்லாம் போன்லயே வாங்குறதுல கல்லாவுலயும் இருக்காது.

பெரியவர்: அப்ப அந்தச் சோம்பத் தள்ளு இங்கிட்டு. இன்னும் மூணு கரண்டி எடுத்துக்கிறேன்.